வாழைக்கன்று கட்டிய கோழிக்கூடு

எங்கள் வீட்டுக் கினிக்கோழிகளுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவற்றைக் கண்டால் ஆகாது. துருப்பிடித்த கேட்டை யாரோ விடாமல் ஆட்டுகிற மாதிரி ஒரு குரல். தபால்காரர் வந்தால் கத்தும், காற்றில் பிளாஸ்டிக் பை பறந்தால் கத்தும், ஒன்றுமே இல்லையென்றால் ஏன் ஒன்றும் இல்லை என்று கத்தும். மைசூர் விஜயநகரில் பென்ஷன்காரர்கள் மதியம் தூங்குகிற தெருவில், இந்தக் கச்சேரியை வீட்டுக்குள் கொண்டுவந்தது என் நாத்தனார்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. எல்லோரும் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். ராமாபுரம் கிராமத்திலிருந்து வந்த அவருடைய அக்கா, ஒரு தூக்குவாளியில் தவிட்டைப் போட்டு அதற்குள் கினிக்கோழி முட்டைகளைப் புதைத்துக் கொண்டுவந்தார். "உம்பட நாட்டுக்கோழி அடையில உக்காந்திருக்குதல்லோ, இதையும் சேத்து வெச்சிரு. சும்மா படுத்துக் கெடக்காத" என்று தம்பியிடம் சொன்னார். எங்கள் பின்கட்டில் ஏற்கெனவே ஒரு சேவலும் சில பெட்டைகளும் இருந்தன. இருக்கிற தொல்லை போதாதா என்று நான் சமையலறையிலிருந்தே கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்குக் கால் ஓரளவு திரும்பி வந்துவிட்டது. ஊன்றுகோலோடு நடந்தார். பேச்சுதான் சரியாகத் திரும்பவில்லை. சொல் வரும், ஆனால் வாயின் ஒரு பக்கம் ஒத்துழைக்காது, குழறும். ஒருநாள் காலையில் தனியாகப் பால் வாங்கப் போனவர், பாக்கெட் எத்தனை என்று சொல்வதற்குத் திணறியிருக்கிறார். வரிசையில் நின்ற ஒருவன், "காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டு வந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். பால் இல்லாமல் திரும்பி வந்தார். அன்றோடு கேட்டைத் தாண்டுவதில்லை, வெளியாட்கள் முன்னால் வாயைத் திறப்பதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், அவர் தலையை மட்டும் ஆட்டுவதைப் பார்த்துப் பார்த்து, "வெளி ஆளுங்ககிட்ட பேசினாத்தான் மேடம் நாக்கு திரும்பும். இப்படியே விட்டா பேச்சே நின்னுடும்" என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் யாரைப் பார்த்தாலும் என்னைக் கிண்டல் செய்துதான் பேச்சைத் தொடங்குவார். காய்கறிக்காரனிடம், "இந்தக் கத்தரிக்காய் சொத்தையா இருந்தா எனக்கு வீட்டுல சோறு கெடையாது" என்பார். என் அலுவலகத்து ஆட்களிடம், "பகல்ல நீங்க சமாளிக்கிறீங்க, ராத்திரிக்கு நானு" என்பார். அப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது யார் எதைக் கேட்டாலும் அவர் என் முகத்தைப் பார்ப்பார், அவருக்காக நான் பதில் சொல்வேன். அவர் சொல்ல ஆரம்பித்தாலும் முடிக்கும் வரை காத்திருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. பாதியிலேயே மீதியை நான் சொல்லி முடித்துவிடுவேன்.

முட்டைகள் பொரிந்தன. அணில் மாதிரிக் கோடு போட்ட குஞ்சுகள். நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு இருக்கிற சாமர்த்தியத்தில் கால்வாசிகூட இவற்றுக்குக் கிடையாது. தண்ணீர்த் தட்டில் விழுந்தே சாகும் என்று என் கணவர் அதில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தார். ஈரம் பட்டால் சாகும் என்று மழை நாளில் பல்பைப் போட்டுக் காய வைத்தார். சுத்தமாக இருக்கட்டும் என்று நான் தரையில் செய்தித்தாளை விரித்ததில், வழுக்கி வழுக்கி ஒரு குஞ்சுக்குக் கால் கோணிக்கொண்டது. அவர் தாளை எடுத்துவிட்டுச் சாக்கை விரித்தார். அந்தக் கோணக்கால் குஞ்சுதான் பிறகு எல்லாக் கினிக்கோழிகளையும் கட்டிப்போடுகிற கயிறு ஆனது.

வளர்ந்ததும் அவை தங்கள் சுயரூபத்தைக் காட்டின. சேவலின் வாலைப் பிடுங்கி அதை மொட்டையாக்கின. சுவரேறின, கூரையேறின. கினிக்கோழியைப் பழக்குவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடக் கூடாது. பல வாரங்கள் கூட்டிலேயே வைத்து இதுதான் வீடு என்று மனதில் பதிய வைக்க வேண்டும். பிறகு ஒன்றிரண்டை மட்டும் விட வேண்டும். உள்ளே இருப்பவை கூப்பிடும், வெளியே போனவை அந்தக் குரலை விட்டு வெகுதூரம் போகாது. கடைசியில் எல்லாம் வெளியே மேய்ந்தாலும், கோணக்கால் பெட்டை மட்டும் கூட்டுக்குள் இருக்கும். சாயங்காலம் அது இரண்டு அசையாகக் கூவும். அவர் நசுங்கிய பால் பவுடர் டப்பாவில் கம்புத் தானியத்தைப் போட்டுக் குலுக்கி, "ப்பா... ப்பா..." என்பார். பக்கத்தில் வீடு கட்டாத காலி சைட்டில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும் கூட்டம் வரிசையாக ஓடி வந்து கூட்டுக்குள் நுழையும். ஒரு நாளைக்கு அவர் வாய் திறந்து, குழறலைப் பற்றிக் கவலைப்படாமல் சத்தம் போடுவது அந்தக் கொஞ்ச நேரம்தான். அதற்காகவே நான் அந்தச் சனியன்களைப் பொறுத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டுக்காரர் பொறுக்கவில்லை. ஓய்வுபெற்ற இன்ஜினியர், கன்னடக்காரர், எங்களோடு தமிழிலேயே பேசுவார். மரியாதையான மனிதர்தான். அவர் வீட்டு மாமரத்தில் இரண்டு தடவை கினிக்கோழிகள் ராத்திரி தங்கிவிட்டன. இரண்டாவது தடவை மரநாய் வந்து ஒன்றின் தலையைக் கடித்துப் போட்டுவிட்டுப் போனது. விடியும்வரை மற்றவை போட்ட கூச்சலில் தெருவே தூங்கவில்லை. "நோடி மேடம், பாருங்க, சாரோட உடம்புக்காகப் பாத்துட்டு இருக்கேன். இன்னொரு தடவை என் மரத்துல ராத்திரி இருந்துச்சுன்னா, மறுநாளே ஆள் வெச்சு பிடிச்சு அனுப்பிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றார். நியாயம் அவர் பக்கம் இருந்தது. என் கணவர் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு தசரா வந்தது. ஆயுத பூஜை என்றால் மைசூரில் சக்கரம் உள்ளது எதுவும் குளிக்காமல் இருக்காது. நான் ஸ்கூட்டரைக் கழுவினேன், மிக்சியைக் கழுவினேன், தையல் மெஷின், அரிவாள்மணை, சுத்தியல் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தேன். இந்த வருஷம் அவரைப் பிடித்து வைத்திருப்பது கோழிக்கூடு, அதற்கு இல்லாத பூஜையா என்று தோன்றியது. கூட்டைத் தேய்த்துக் கழுவி, வாசலின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சாமந்திச் சரம் தொங்கவிட்டு, கதவுச் சட்டத்தில் மஞ்சளும் குங்குமமும் பெரிது பெரிதாக வைத்தேன். நசுங்கிய டப்பாவையும் பளபளவென்று விளக்கி அதற்கும் பூச்சுற்றினேன். அவர் ஊன்றுகோலை நீட்டி வாழைக்கன்றைக் காட்டி, "வே..." என்று ஆரம்பித்தார். வேலை தலைக்கு மேல் இருந்தது. "வேற பூவெல்லாம் இல்லைங்க, சாமந்திதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் கோழிக்கூட்டம் காலி சைட்டிலிருந்து ஓடி வந்தது. சேவலும் பெட்டைகளும் வாழையிலையை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டு உள்ளே போயின. கினிக்கோழிகள் நின்றுவிட்டன. காற்றில் வாழையிலை லேசாக அசைந்தது. அவ்வளவுதான், ஊரே அதிரக் கத்திக்கொண்டு சுவருக்கு ஏறின, சுவரிலிருந்து எங்கள் கூரைக்கு, கூரையிலிருந்து தெருவைத் தாண்டி எதிர்வீட்டு மாமரத்துக்கு. கினிக்கோழி புதிதாக எதைக் கண்டாலும் பயப்படும். நேற்றுவரை பச்சை வாளி இருந்த இடத்தில் இன்று சிவப்பு வாளி இருந்தால்கூடக் கிட்டே வராது. அவர் சொல்ல வந்தது வேண்டாம் என்று. அதைக் கேட்க எனக்கு நேரமில்லை.

மாமரத்தின் கீழே எதிர்வீட்டு மகன் புதிதாக வாங்கிய கார் நின்றது. கழுவி, மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பூசணிக்காய் உடைக்க உறவுக்கூட்டம் மொத்தமும் வாசலில் நின்றது. முதல் எச்சம் காரின் கண்ணாடியில் விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பூஜையில் வைத்ததை அன்றே கலைக்கக் கூடாது. எனக்குத் தெரியும். ஓடிப்போய் வாழைக்கன்றுகளைப் பிடுங்கி எறிந்தேன், சாமந்திச் சரத்தை அறுத்தேன், குங்குமத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். பயந்தது சாமி குற்றத்துக்கு அல்ல, வெளிச்சம் போய்விடுமே என்றுதான். இருட்டிவிட்டால் கினிக்கோழிக்குக் கண் தெரியாது, உட்கார்ந்த கிளையை விட்டு அசையாது. அதற்குப் பிறகு மரநாய்க்கு ராத்திரி முழுக்க நேரம் இருக்கும். மரநாய் விட்டு வைப்பதைக் காலையில் எதிர்வீட்டுக்காரர் ஆள் வைத்துப் பிடிப்பார். பிறகு என் வீட்டில் "ப்பா" என்று ஒரு குரல் கேட்காது.

டப்பாவோடு தெருவைத் தாண்டி மரத்தடிக்குப் போய்க் குலுக்கினேன். "ப்பா, ப்பா" என்றேன். என் குரலைக் கேட்டதும் அவை இன்னும் ஒரு கிளை மேலே ஏறின. தெருக்கோடியில் யாரோ பட்டாசு வெடித்தார்கள், அதற்கு இன்னொரு கிளை. உறவுக்காரப் பெண்கள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பிப் பார்த்தேன். என் கணவர் எங்கள் கேட்டில் நின்றார். உள்பக்கம். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. அவர் மரத்தைப் பார்த்தார், மரத்தடியில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். வரச் சொல்லிக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. பால் வரிசையில் சிரித்தது ஒருவன்தான், இங்கே கல்யாண வீடு மாதிரி ஒரு கூட்டமே நின்றது.

கேட் திறந்தது. ஊன்றுகோலை ஊன்றித் தெருவில் இறங்கினார். கிட்டே வந்து என் கையிலிருந்த டப்பாவை வாங்கி, நான் சுற்றியிருந்த பூவைப் பல்லால் கடித்து இழுத்துக் கீழே போட்டார். குலுக்கினார்.

"ப்பா..."

சத்தம் தொண்டையிலேயே நின்றது. கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்தாள், அவள் அம்மா தலையில் தட்டினாள். அவர் நிறுத்திவிட்டார். காது மடல் சிவந்துபோனது. நான் அவர் கையிலிருந்து டப்பாவைத் திரும்ப வாங்கப் போனேன். அவர் கொடுக்கவில்லை.

மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை பின்கட்டில் கூப்பிடுகிற அதே குரல், குழறலும் எச்சிலுமாக, தெரு முழுக்கக் கேட்க. "ப்பா... ப்பா... வ்வா..." கோழிக்கூட்டிலிருந்து கோணக்கால் பெட்டை பதில் கூவியது. மரத்தில் சத்தம் நின்றது. மறுபடி கூப்பிட்டார், மறுபடி அது கூவியது. வானம் மங்கிக்கொண்டே வந்தது. நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலாவது, காரின் கூரையிலேயே வந்து இறங்கியது. மாலையில் சறுக்கி, சமாளித்து, தரையில் குதித்தது. பிறகு மற்றவை தடதடவென்று விழுந்தன. அவர் திரும்பி நடந்தார், டப்பாவை மெல்லக் குலுக்கியபடி. கினிக்கோழிகள் அவர் வேட்டிக்குப் பின்னால் பட்டுப்புடவைகளுக்கு நடுவே புகுந்து தெருவைக் கடந்தன. யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் கேட் வரைக்கும் எதிர்வீட்டுக்காரரும் கூடவே வந்தார். "தினமும் சரியாத்தானே சார் உள்ள போகுது? இன்னிக்கு மட்டும் ஏன் மரத்துக்கு வந்துச்சு?" என்று கேட்டார். அவரைக் கேட்டுவிட்டு, எல்லோரையும் போல, பதிலுக்கு என் முகத்தைப் பார்த்தார். நானும் வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

டப்பா பிடித்த கையைத் தூக்கி என் கணவர் என்னை நிறுத்தினார். உதட்டைக் கோணினார், விழுங்கினார், மறுபடி ஆரம்பித்தார். தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். நானும் காத்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம்... இவளுக்குப் பயந்து... ஏறுனதுங்க" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் ஒரு நொடி விழித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். "அது எங்க வீட்லயும் அப்படித்தான் சார்" என்று என் கணவரின் தோளைத் தட்டினார். கூட்டுக் கதவைச் சாத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய், குங்குமம் அப்பிய முந்தானையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோழிகளோடு கொஞ்ச நேரம் நின்றேன்.