காட்டுக்கொசுவும் என் பிடிவாத ஜெபமும்

கல்யாணமான மாதமே நான் தாலியை இழக்கப்போகிறேன் என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவே பேசியது. அந்தப் பேச்சைப் பொய்யாக்கிய ஆண்டவரைப் பற்றிச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நானும் என் கணவர் ஜெயராஜும் முதுமலை தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். யானை பார்த்தோம். பொழுது சாய்ந்த பிறகும் ஆற்றோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கொசு பிடுங்கியது. புதுசாகக் கல்யாணமானவர்களுக்குக் கொசு ஒரு பொருட்டா?

ஊர் திரும்பி இரண்டு வாரம் போல் இருக்கும். அவருக்குக் குளிர்க்காய்ச்சல். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கட்டிலே ஆடியது. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. டைபாய்டாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. பிதற்ற ஆரம்பித்தார். என்னைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்றார். உடைந்துபோனேன்.

வராந்தாவில் என் மாமியார், "இவ வந்த நேரம், எம்புள்ள இப்படிப் படுத்துகினு கீறான்" என்றார்.

அழுகை நின்றது. கோபம் வந்தது. "உங்க புள்ள எழுந்து வருவார் அத்தை. பாருங்க" என்றேன். மாடிப்படிக்குக் கீழே முழங்காலிட்டேன். "ஆண்டவரே, நீர் கொடுத்தவரை நான் விடமாட்டேன். என்ன வியாதி என்று காட்டும். காட்டாமல் எழுந்திருக்க மாட்டேன்" என்று சண்டையே போட்டேன்.

அந்த ஆற்றோரம் கண்முன் வந்தது. எழுந்து ஓடினேன்.

"டாக்டர், நாங்க காட்டுக்குப் போயிட்டு வந்தோம். அங்க கொசு கடிச்சுது."

"இத யாரும் சொல்லவே இல்லையேம்மா!"

"யாரும் கேக்கலையே சார்!"

மறுபடி இரத்தம் எடுத்தார்கள். மூளையைத் தாக்கும் மலேரியா. உடனே க்வினைன் ஏற்றினார்கள்.

பார்க்க வந்த சபை சகோதரர் ஒருவர், "விசுவாசம் இருந்தா மருந்து எதுக்கு சிஸ்டர்?" என்றார். "என் ஜெபத்துக்கு வந்த பதிலே இந்த மருந்துதான் பிரதர்" என்றேன்.

காய்ச்சல் இறங்கியது. கண் திறந்தவர் என் பெயரைச் சொன்னார். ஸ்தோத்திரம்!

அடுத்த வருஷம் அதே காட்டுக்கு மறுபடி போனோம். முழுக்கைச் சட்டை, டாக்டர் கொடுத்த மாத்திரை, பொழுது சாய்ந்ததும் அறைக்குள். கொசுவலையை மடித்துப் பையில் வைத்தது என் மாமியார்.

பிரியமானவர்களே, கைவிடு என்று ஊரே சொன்னாலும் விடாதீர்கள். மண்டியிடுங்கள். அவர் மனதில் போடுவதை எழுந்து போய் வாய்திறந்து சொல்லுங்கள். எனக்குப் பதில் தந்தவர் உங்களுக்கும் தருவார்.