பச்சைப் படத்தை நம்பிப் போன கோல்ஃப் திடல்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காவின் கணவருக்குக் கோல்ஃப் என்றால் உயிர். மன்னார்க் கரையோர விடுதி ஒன்றில் சிறிய கோல்ஃப் திடல் இருப்பதை இணையத்தில் கண்டேன். விளையாடியவர்கள் பச்சைப் பசேலென்ற படங்களைப் போட்டு, புல்தரை கம்பளம் போல இருப்பதாக எழுதியிருந்தார்கள். அதை நம்பி, போனில் இடம் பதிந்துவிட்டு, எங்கள் ஊரான கீரியிலிருந்து அத்தானைக் கூட்டிப் போனேன்.

அங்கே புல் கருகிக் கிடந்தது. நடுத்திடலில் கழுதைகள் மேய்ந்தன. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"போனில பதியேக்கை இதை ஏன் சொல்லேல்லை?" என்று பணியாளரிடம் கேட்டேன்.

"நீங்கள் கேக்கேல்லையே அக்கா. மாரி தொடங்கினா பச்சையாயிடும்," என்றார் அவர்.

வந்ததற்கு விளையாடுவோம் என்று அத்தான் பந்தை அடித்துவிட்டு நடந்தார். காய்ந்த புல் மூடியிருந்த பள்ளம் ஒன்றில் கால் இறங்கி, குப்புற விழுந்தார். எலும்பு முறிந்துவிட்டதோ என்று நடுங்கிப்போனேன். நல்லவேளை, வெறும் சுளுக்கு. ஆனாலும் மிச்ச விடுமுறை கட்டிலிலேயே கழிந்தது.

"அவையள் எப்ப போய் எழுதினவை எண்டு பாத்தனியோ?" என்று அக்கா கேட்டாள். பார்த்தேன். எல்லாமே மாரிகாலத்தில் எழுதியவை.

இப்போதெல்லாம் எங்கே போவதென்றாலும் அங்குள்ளவர்களிடம் அன்று காலை எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்கிறேன். சாக்குச் சொன்னால் போவதில்லை.