விழுந்த இடத்திலேயே ஒரு கடை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாசம். காஞ்சிபுரத்தில் நானும் என் மகளும் கடைக்கு இடம் தேடித் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தோம். என்ன கடை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஸ்கேட்போர்டு கடை. நாலு சின்னச் சக்கரம் வைத்த பலகைமேல் நின்றுகொண்டு பிள்ளைகள் வழுக்கிக்கொண்டு போவார்களே, அதை விற்கிற கடை.

மகள் பெங்களூரில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது அது. வேலையை விட்டு ஊருக்கு வந்தவள், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பலகை எங்கே கிடைக்கும் என்று அவர்கள் கேட்கக் கேட்க, வாங்கி விற்கவும் ஆரம்பித்தாள். நான் பட்டுப் புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருகிறவள். எங்கள் முன்னறையில் ஒரு பக்கம் என் புடவைகள், இன்னொரு பக்கம் அவள் பலகைகள். நடக்க வழி கிடையாது. இதற்கு நடுவில் பழைய கம்பெனியில் அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"பொங்கலுக்குள்ள எடம் அமையலைன்னா நான் கெளம்பறேம்மா" என்று சொல்லிவிட்டாள். எனக்கோ, பக்கத்தில் இருக்கிற பிள்ளை மறுபடியும் வீடியோவில் மட்டும் தெரிகிற பிள்ளையாகிவிடுமே என்றிருந்தது.

கூட்டம் இருக்கிற இடத்தில்தான் கடை ஓடும் என்பது என் கணக்கு. ராஜ வீதிப் பக்கம் கூட்டிப்போனேன். அவளோ கடைக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். வாசலில் பலகையைப் போட்டு, கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவாள். "கடைய அப்புறம் பாக்கலாம்மா. ரோடு எப்படி இருக்குதுன்னு முதல்ல பாக்கணும்" என்பாள். போகிற வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் யாரோ போல அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு கடையின் சொந்தக்காரர் முகத்துக்கு நேராகவே சொன்னார். "புடவைக் கடை, கவரிங் கடைன்னா குடுக்கலாம்மா. பசங்க வாசல்ல விழுந்து எழுந்துக்கினு இருந்தா, பக்கத்துக் கடைக்கு யார் வருவாங்க?"

கடைசியில் ஸ்டேஷன் போகிற ரோட்டில் ஒன்று படிந்தது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. ஆனால் அந்த வாசலில் அவளால் பலகையைக் கீழே வைக்கவே முடியவில்லை. பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உரசிக்கொண்டு போயின. அவள் முகம் வாடிவிட்டது. வியாழக்கிழமை, "ஏனாத்தூர் காலேஜ் பக்கம் ஒரு கடை காலியா இருக்குதாம். ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்மா" என்றாள். அவ்வளவு தூரம் எதற்கு என்று முனகிக்கொண்டேதான் வண்டியில் ஏறினேன்.

வரிசையாக நாலு ஷட்டர் கடைகள். ஒன்றில் பஞ்சர் ஒட்டுகிற ஒருவர். அடுத்ததில் ஒரு அம்மா டிபன் கடை வைத்திருந்தார். மூன்றாவது மருந்துக்கடை, நாலாவது காலி. முன்னால் அகலமாக சிமென்ட் தரை. கடையின் சொந்தக்காரர் வரத் தாமதமானது. டிபன் கடை அம்மா, கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

மகள் அந்தத் தரையில் இறங்கியதும் ஆளே மாறிவிட்டாள். வளைந்தாள், திரும்பினாள், தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு என் முன்னால் வந்து நின்று, "நீயும் ஒரு தடவை ஏறிப் பாரேம்மா" என்றாள்.

ஐம்பதைத் தாண்டியவள் நான். ஆனாலும் என்ன தோன்றியதோ, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள். பலகை மெதுவாக நகர்ந்தது. கால் அசையாமலே உடம்பு மட்டும் முன்னால் போகிறது. காற்று முகத்தில் படுகிறது. கொஞ்ச நேரத்தில் தைரியம் வந்து, "நீ விடு, நானே போறேன்" என்று கையை உதறிக்கொண்டேன்.

சக்கரத்தில் ஒரு சின்னக் கல் மாட்டியது. பலகை நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் ஏதோ நறுக்கென்றது.

கண்ணைத் திறப்பதற்குள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். டிபன் கடை அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். பஞ்சர் கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, என் கைக்கு அடியில் கொடுத்து, துண்டால் கட்டி, ஓடிப்போய் ரோட்டில் ஒரு ஆட்டோவையும் நிறுத்தினார். இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. மகள்தான் என்னைவிட அதிகமாக அழுதாள்.

"அழாதமா, அம்மாவுக்கு ஒண்ணும் ஆவல" என்று அவளைத் தேற்றிக்கொண்டே டிபன் கடை அம்மாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். கடையைப் பஞ்சர் கடைக்காரர் பார்த்துக்கொள்வாராம். ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த அம்மா என் கையை அசங்காமல் தன் மடிமேல் வைத்துப் பிடித்திருந்தார். பாதி வழியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏன்க்கா, கொஞ்ச தூரம் தனியா போனீங்களே. எப்படி இருந்துச்சு?"

வலியில் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் சொன்னேன். "நல்லா இருந்துச்சுமா."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் எங்களைப் பார்த்த பார்வையில், அம்மா தலையிலும் அடிபட்டுவிட்டதோ என்கிற சந்தேகம் தெரிந்தது.

எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் மகள் தலையைக் குனிந்துகொண்டு, "ஸ்டேஷன் ரோடு கடையே போதும்மா. இல்லன்னா பெங்களூருக்கே போயிடறேன்" என்றாள்.

"ரெண்டும் வேணாம். இங்கதான் கடை" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உன் கடைக்கு வர்றவங்க எல்லாரும் ஒரு தடவையாவது விழத்தானே போறாங்க? விழுந்தா ஓடி வர்றவங்க பக்கத்துல இருக்க வேணாமா?" என்று கேட்டேன்.

மறுநாள் அட்வான்ஸ் கொடுக்கப் போகவில்லை. மாவுக்கட்டோடு ஏனாத்தூர் கடையின் சொந்தக்காரரைப் பார்க்கப் போனோம். நடந்ததெல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது. இடம் பார்க்க வந்த அன்றைக்கே அடிபட்டிருக்கிறதே என்று இழுத்தார். பஞ்சர் கடைக்காரரும் டிபன் கடை அம்மாவும் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

"வுழுந்தது நீங்க. நீங்களே வந்து எடம் கேக்கறீங்க" என்றார் சொந்தக்காரர், என் கையைப் பார்த்து.

"விழுந்ததாலதாங்க கேக்கறேன்" என்றேன். அவர் சாவியை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

கட்டுப் பிரிக்கும்வரை எனக்காக மகள்தான் குஞ்சம் கட்டினாள். ஒன்றுகூட நேராக வரவில்லை. புடவை கொடுத்தவர்கள் பெரிய மனது பண்ணி வாங்கிக்கொண்டார்கள். தை மாசம் கடை திறந்தாள். இப்போது சாயங்காலமானால் அந்த சிமென்ட் தரையில் காலேஜ் பிள்ளைகள் கூட்டம். எங்காவது தொப்பென்று சத்தம் கேட்டால் டிபன் கடை அம்மாவின் தலைதான் முதலில் வெளியே எட்டிப் பார்க்கும்.

போன மாசம் என் தங்கை வாடகை வீடு பார்க்கப் போகிறேன் என்று யோசனை கேட்டாள். எந்த வீடானாலும் வாசலில் கொஞ்ச நேரம் நின்று, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு அப்புறம் உள்ளே போ என்றேன். ஒரு இடம் நமக்குச் சரிப்படுமா என்பது அங்கே இருக்கிற மனுஷர்களிடம்தான் இருக்கிறது என்று, அன்றைக்கு அத்தனை பேர் என்னைச் சுற்றி வந்து நின்றதிலிருந்து நான் நம்புகிறேன்.