சுவரில்லாத வீட்டின் வாசல்

இடம்பெயர்ந்தவர்களின் வாழ்க்கைக் கதைகளைக் கைபேசியில் பதிவு செய்து வருகிறேன். போன மாதம் மாங்கேணியில் மீன் விற்கும் யோகம் அக்கா, யுத்தத்தில் அழிந்த தன் வீட்டு வளவுக்கே என்னைக் கூட்டிப்போனார். மணலும் பற்றைச் செடிகளும் தவிர அங்கே ஒன்றுமில்லை.

வெறும் மணலில் ஓரிடத்தில் அவர் செருப்பைக் கழற்றினார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. பிறகு, "இது விறாந்தை, இது சமைக்கிற குசினி" என்று சொல்லியபடி, இல்லாத சுவர்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நானோ கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டு குறுக்கே நடந்தேன். திடீரென்று என் சாறியைப் பிடித்து இழுத்தார்.

"நில்லுங்க புள்ள! குசினிக்கு அங்கால கிணறு கிடக்கு!"

கொடிகளை விலக்கிக் காட்டினார். நான் அடுத்த அடி வைக்கவிருந்த இடத்தில், கட்டு இடிந்த கிணறு வாய் பிளந்து கிடந்தது.

"எப்படியக்கா தெரிஞ்சது?"

"என்ட ஊடுதானே. கண்ண மூடிக்கிட்டும் நடப்பன்."

இத்தனை வருடங்களாகியும் அந்த வீட்டின் ஒரு சுவரைக்கூட அவருடைய கால்கள் மறக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்த வெறும் வளவுக்குப் போனாலும், வாசல் எங்கே இருந்தது என்று முதலில் கேட்கிறேன். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

— புளியந்தீவிலிருந்து ஒரு வாசகி