புல் பிடிக்காத மேடு

இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைவுறும் எங்கள் அண்ணனைப் பற்றித் தங்கையாகிய நான் எழுதுகிறேன். சிட்னியில் இருந்து இருந்து என் தமிழ் தேய்ந்துவிட்டது. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் பிறந்து வளர்ந்தது பிஜித் தீவில், சிகடோகா ஆற்றுக்கு மேலே, எங்கள் குத்தகை நிலத்தில். கத்தரியும் வெண்டையும் போட்டுத்தான் அப்பா எங்களை ஆளாக்கினார். மலையில் சுரங்கம் தோண்டியவர்கள் ஒருநாள் பூட்டிவிட்டுப் போனார்கள். தோண்டிய மண்ணை மட்டும் குவியலாக விட்டுப் போனார்கள். அதன்பின் மழை பெய்தாலே எங்கள் ஓடையில் துருநிறத் தண்ணீர் வந்தது. அதைப் பாய்ச்சிய செடிகள் கருகின. கீழே கோரோவில், அதாவது நிலத்துக்கு உரிய பிஜியர் கிராமத்தில், பிள்ளைகளுக்குச் சொறி பிடித்தது.

முதல் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் நானும் என் கணவரும் சிட்னிக்குப் போனோம். அடுத்த கவிழ்ப்பில் அண்ணனின் மகன்களும் கிளம்பினார்கள். "குத்தகை முடிஞ்சா இறங்கச் சொல்லுவாங்க. யார் நிலத்துக்கு நீங்க மாரடிக்கிறீங்க?" என்று போனில் சண்டை போட்டேன்.

"நிலம் யாருதா இருந்தா என்ன, பானி எல்லாரும் குடிக்கிறது. அது சுத்தமாவாம நான் எங்கியும் வரல" என்றார்.

இந்தியர்கள் எல்லாரும் பயந்து கதவடைத்துக் கிடந்த அந்த நாட்களில், பிஜியர் வழக்கப்படி காணிக்கையாக வைக்கும் நங்கோனா வேர்க்கட்டை எடுத்துக்கொண்டு கோரோத் தலைவர் முன் போய் அமர்ந்து, குவியல் மண் கரையாதபடி அதில் வெட்டிவேர்ப் புல் நட முறைப்படி அனுமதி கேட்டார். தலைவர் அனுமதியோடு ஆட்களையும் கொடுத்தார்.

முதல் வருடம் நட்டதெல்லாம் கருகிப்போனது. மண் புளித்திருக்கிறது, சுண்ணாம்பும் சாம்பலும் கலக்க வேண்டும் என்று விவசாய அலுவலகத்தில் சொன்னார்கள். அன்றிலிருந்து அண்ணன் சாம்பல் பைத்தியமானார். கல்யாண வீட்டுக்கு மொய்யோடு போவார், அடுப்புச் சாம்பல் மூட்டையோடு திரும்புவார். அபசகுனம் என்று உறவினர்கள் முணுமுணுத்தார்கள். ஊருக்கு வந்து நடத்திய என் மகள் கல்யாணத்திலும் கேட்டார். எனக்கு மானம் போயிற்று. கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வருடங்கள் போயின. குவியலில் புல் ஏறியது, ஓடை தெளிந்தது. இறால் திரும்பி வந்ததைச் சொல்ல அண்ணன் போன் செய்தார், பேச முடியாமல் அழுதார். ஒரே ஒரு மேடு மட்டும் மொட்டையாக நின்றது. மூச்சு வாங்கிய கடைசி நாட்களிலும் அதைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

தகனம் முடிந்ததும், அண்ணன் மீட்ட ஓடையிலேயே அஸ்தியைக் கரைக்கலாம் என்று நாங்கள் பூவும் கையுமாகக் கிளம்பினோம். அண்ணி வாசலில் மறித்தார்.

"ஓடையில ஒண்ணும் போடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அந்த மொட்ட மேட்டுல போடச் சொன்னாரு."

"தண்ணியில கரைக்காம மண்ணுல போட்டா மோட்சம் ஏது அண்ணி?"

"உங்க அண்ணன் மோட்சம் கேக்கலம்மா. புல்லுதான் கேட்டாரு."

குருக்கள் சொன்னபடி ஒரு பிடியைக் கடலில் கரைத்தோம். மீதியை மேட்டில் கலந்து, கோரோத் தலைவரும் அண்ணியும் நானும் வெட்டிவேர் நட்டோம்.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், சடங்குகளை நடத்திய குருக்களுக்கும், பந்தல் போட்டுச் சமைத்துக் கொடுத்த கோரோ மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மேட்டில் பாதி பச்சையாகிவிட்டது. மறு பாதிக்கு நானே சிட்னிக்குத் திரும்பாமல் இங்கு தங்கிவிட்டேன். திதிக்கு வருகிறவர்கள் பழமும் பூவும் வாங்கிச் செலவு செய்ய வேண்டாம். வீட்டு அடுப்பில் சாம்பல் இருந்தால் ஒரு பை கொண்டு வாருங்கள்.