அக்கா ஊற்றிய தண்ணீர்

அந்தச் சத்தத்தை நான் போட்டிருக்கக் கூடாது. போட்டுவிட்டேன். மாடிப்படியில் நின்றுகொண்டு, எதிர்வீட்டு வாசலில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்க்கிற அளவுக்குப் போட்டேன். பின்பெஞ்சு வரை கேட்பதற்காகப் பதினாறு வருடம் பழக்கிய குரல் அது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே எடுத்தால் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

நான் தங்கச்சிமடத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்கார அக்காவும் அவர் கணவரும். அந்த அண்ணன் வல்லத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். எனக்குச் சொந்த ஊர் பரமக்குடிக்குப் பக்கம். மிளகாய் போடுகிற குடும்பம், பொங்கல் விடுமுறையில் மட்டும் கடலைப் பார்க்கிற ஜாதி. அறிவியல் டீச்சராக இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்த பிறகு, ஒண்டியாக இருக்கிற வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு நாயை வளர்த்திருக்கலாம். நான் பவளத்தொட்டி வைத்தேன்.

இருநூறு லிட்டர் உப்புத் தண்ணீர். அதற்குள் செயற்கைப் பாறை. பாறைமேல் காளான்போல விரிகிற ஒரு மென்பவளம், பொத்தான் பொத்தானாகப் பூக்கிற இன்னொன்று, இரண்டு கோமாளி மீன், ஒரு சிவப்பு இறால். எல்லாம் சென்னையில் கடையில் வாங்கி, பாலிதீன் பையில் அடைத்து, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. மன்னார் வளைகுடாவில் பவளம் எடுப்பது குற்றம், அங்கிருந்து ஒரு கல்லைக்கூட நான் எடுத்ததில்லை. தொட்டியில் இருந்த தண்ணீர்கூட கடல் தண்ணீர் இல்லை. வடிகட்டிய தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்துச் செய்தது. அண்ணனுக்கு இதில்தான் சிரிப்பு தாங்காது. "வலையில ஒரு கல்லு மாட்டி வந்தாலே பயந்து திருப்பிப் போட்டுட்டு வாரோம். டீச்சர் என்னடான்னா உப்பு வாங்கிக் கடல் செய்றாக" என்பார். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்தத் தொட்டியில் தினமும் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. வெயிலுக்கும் காற்றுக்கும் தண்ணீர் குறையும். தண்ணீர் சூடாகாமல் இருக்கத் தொட்டிமேல் ஒரு சின்ன ஃபேன் வேறு ஓடுவதால், நாளைக்கு ஒன்றரை லிட்டராவது குறையும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அதற்காக வடிகட்டிய தண்ணீரைக் கேன்களில் பிடித்துத் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பேன். ஆவியாதல் பாடத்தை வருடா வருடம், உப்பளத்தை உதாரணம் காட்டி நானே நடத்துகிறேன். எனக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்ட விஷயம்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளையில் தம்பி போன் செய்தான். மதுரையில் அவன் வீட்டில் இருந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே பஸ் ஏறினேன். மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை. பாம்பன் பாலம் தாண்டும்போதுதான் தொட்டி ஞாபகம் வந்தது. அம்மா இடுப்பொடிந்து கிடக்கையில் மீன் ஞாபகம் வந்ததற்கு என்மீதே எரிச்சல் வந்தது. ஆனாலும் போனை எடுத்தேன். வீட்டின் ஒரு சாவி எப்போதும் அக்காவிடம் இருக்கும். தீனி, விளக்கு, கண்ணாடி துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாவற்றையும் காற்று இரைச்சலுக்கு நடுவே ஒரு வாய்ஸ் மெசேஜில் சொல்லி அனுப்பினேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

மதுரையில் பத்தொன்பது நாள் இருக்கவேண்டி வந்தது. அறுவை சிகிச்சை, பிறகு அம்மாவை எழுப்பி உட்கார வைப்பது, நடக்கப் பழக்குவது. தினமும் சாயங்காலம் அக்கா வீடியோ காலில் வருவார். முதலில் அம்மாவைக் கேட்பார். அப்புறம் போனைத் தொட்டிக்கு நேராகப் பிடிப்பார். கண்ணாடியில் நான் கறுப்பு மையால் கிழித்து வைத்திருந்த கோட்டில் விரலை வைத்துக் காட்டுவார்.

"கோடு தப்பல பாருங்க டீச்சர். அங்கன அம்மாவப் பாருங்க. இங்கன நா இருக்கேன்."

உண்மையிலேயே கோடு தப்பவில்லை. நான் இருந்திருந்தால்கூட இரண்டு நாளைக்கு ஒரு தரம் மறந்திருப்பேன். அம்மாவிடம் அக்காவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். பத்து நாள் போல ஆனபோது, பொத்தான் பவளம் சரியாக விரியவில்லை என்று படத்தில் தெரிந்தது. "தண்ணி மட்டும் குறையாமப் பாத்துக்கங்கக்கா, மத்ததெல்லாம் சரியாயிரும்" என்றேன். நானே சொன்னேன். இன்னொரு நாள் அண்ணன் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் போனது தெரிந்தது. வல்லத்துக்கு டீசல் என்று நினைத்துக்கொண்டேன். மாடிக்கு எதற்கு டீசல் வருகிறது என்று யோசிக்கிற புத்தி எனக்கு அன்று இல்லை.

இருபதாம் நாள் காலையில் வந்து இறங்கினேன். அக்கா படியேறி என்கூடவே வந்தார். இறாலைக் காணவில்லை, பாறைக்கு அடியில் வெறும் ஓடு கிடந்தது. காளான் பவளம் சுருங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பொத்தான்கள் அத்தனையும் மூடியிருந்தன. கோமாளி மீன் ஒன்று மூலையில் செத்து ஒதுங்கியிருந்தது. அது காலையில்தான் போயிருக்க வேண்டும். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு "ஏசுவே, நேத்துத் தீனி தின்னுச்சே" என்றார். உப்பு பார்க்கிற கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். இருக்கவேண்டிய அளவுக்கு மேலே எங்கேயோ நின்றது.

திரும்பிப் பார்த்தேன். நான் அடுக்கிய கேன்கள் அடுக்கியபடியே இருந்தன. மேலே தூசி படாமல் ஒரு துவைத்த வேட்டியால் மூடியிருந்தது.

"என்ன தண்ணிக்கா ஊத்துனீங்க?"

"கடத்தண்ணிதான் டீச்சர். கரத் தண்ணி அழுக்குன்னு அண்ணங்கிட்ட சொல்லி, உள்ள தெளிஞ்ச எடமாப் பாத்து மோந்து வரச் சொன்னேன். துணியில வடிகட்டித்தான் ஊத்துனேன். ஒங்க குடிதண்ணியில ஒரு சொட்டு எடுக்கல."

கடைசி வாக்கியத்தைப் பெருமையாகத்தான் சொன்னார். இந்தத் தீவில் குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவர் அவர். கடல் மீனுக்குக் குடிதண்ணீர் ஊற்றினால் செத்துவிடும் என்பது இந்தத் தெருவில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். அவருக்கு இது என்னிடம் கேட்கவேண்டிய சந்தேகமே இல்லை. இதெல்லாம் இப்போது உட்கார்ந்து எழுதும்போது வருகிற நியாயம். அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேன் தண்ணியத்தான் ஊத்தணும்னு! காதுல வாங்கவே மாட்டீங்களா? ஒரு வேலை ஒழுங்காச் செய்யத் தெரியாதா?"

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். "தப்பாப் போச்சு டீச்சர். எம் புத்திக்கு எட்டல" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். நான் விடவில்லை. படி வரைக்கும் போய், இறங்குகிறவரின் முதுகுக்கும் இரண்டு வார்த்தை சொன்னேன். அதைத்தான் தெரு கேட்டது.

பிறகு அதே கோபத்தோடு உள்ளே வந்து மூன்று கேன் தண்ணீரை ஒரே மூச்சில் தொட்டிக்குள் கவிழ்த்தேன். உப்பைக் குறைப்பதென்றால் நாலைந்து நாள் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். தெரிந்தும் செய்தேன். மறுநாள் பொத்தான் பவளம் கூழாகக் கரைந்து வழிந்தது. அதற்கடுத்த நாள் காளானும் போனது. அக்கா விட்டுவைத்தபோது அவை மூடியிருந்தனவே தவிர சாகவில்லை. கொன்றது நான். அந்தக் கணக்கையும் அக்கா தலையில் எழுதினேன். யார் கேட்டாலும் "கீழ் வீட்டக்கா கடத்தண்ணிய ஊத்திட்டாங்க" என்று முடித்துவிடுவேன்.

ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அனுப்பிய அந்த வாய்ஸ் மெசேஜ் கண்ணில் பட்டது. எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் அழுத்தினேன். தீனி ஒரு சிட்டிகை என்று சொல்லியிருக்கிறேன். காலை எத்தனை மணி, மாலை எத்தனை மணி என்று சொல்லியிருக்கிறேன். விளக்கைத் தொட வேண்டாம், ஃபேனை நிறுத்த வேண்டாம், கண்ணாடியைக் காந்தத்தால் தேய்க்க வேண்டும் எல்லாம் இருந்தது. பிறகு, "தண்ணி கோட்டுக்குக் கீழ போச்சுன்னா ஊத்திருங்கக்கா." அவ்வளவுதான். எந்தத் தண்ணீர் என்று இல்லை. கேன் என்ற சொல்லே இல்லை. மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே கீழ் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சொல்லலாம், இன்றைக்கு வேண்டாம் என்று தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரட்டும் என்றேன். அண்ணன் இருக்கும்போது வேண்டாம் என்றேன். பிள்ளைகள் செய்தால் முட்டி போட வைக்கிற காரியத்தை, சாக்குச் சொல்லிச் சொல்லி ஆறு வாரம் ஓட்டினேன். டீச்சர் என்ற பெயரை அக்காவுக்கு முன்னால் கழற்றி வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதுதான் நிஜம், மற்றதெல்லாம் சாக்கு.

அந்த ஆறு வாரமும் அக்கா மேலே வரவில்லை. முன்பெல்லாம் கதவைத் தட்டக்கூட மாட்டார். மீன் குழம்புச் சட்டியோடு நேரே அடுப்படிக்கு வந்து நிற்பவர். இப்போது குழம்பு வந்தது, ஆனால் கடைசிப் படியில் மூடி வைத்திருக்கும். தண்ணீர் லாரியடியில் அவர் ஒரு பெண்ணிடம், "டீச்சர் மீனு எல்லாம் என்னாலதான் செத்துச்சு" என்று சொல்வதை நானே கேட்டேன். குடத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் நடந்தேன்.

அம்மாவை மறுபரிசோதனைக்குக் காட்ட மதுரைக்கு இரண்டு நாள் போகவேண்டி வந்தது. தொட்டியில் மிச்சம் இருந்தது ஒரு கோமாளி மீன். படியில் அக்காவைப் பார்த்ததும் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் கையை ஆட்டினார்.

"நா தொடமாட்டேன் டீச்சர். வேற யாரயாச்சும் பாத்துக்கச் சொல்லுங்க. இருக்கதும் போயிருச்சுன்னா எனக்குத் தாங்காது."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். எந்தத் தண்ணீர் என்று நான் சொல்லவே இல்லை, தப்பு முழுக்க என்னுடையது, பவளத்தைக் கொன்றதும் நான்தான், மன்னித்துவிடுங்கள் என்று ஒரே வேகத்தில் கொட்டினேன். அழுகை வந்துவிட்டது. அக்கா ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் டீச்சர். பத்தொம்பது நாளும் காலயில நீங்க பேசி அனுப்புனதப் போட்டுக் கேட்டுட்டுத்தான மேல ஏறுவேன். எதுவும் வுட்டுப்போயிறக் கூடாதுன்னு. எனக்கு அது மனப்பாடம்."

"அப்ப ஏன்க்கா அன்னைக்கே சொல்லல? நான் அவ்வளவு பேசுனேனே."

"அம்மாவ அங்கன ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்து, இங்கன செத்த மீனப் பாத்துக்கிட்டு நிக்கிறீக. அந்நேரத்துல போனப் போட்டுக் காட்டி, நீங்கதான் தப்புன்னு நா சொல்லவா?" சேலை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை, வியர்வைதான். "கோவம் ஆறுனதும் நீங்களே கேட்டுப் பாப்பீகன்னு நெனச்சேன். நாலஞ்சு நாள்ல வருவீகன்னு பாத்தேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் பாத்தேன்."

கையில் இருந்த சாவியை நீட்டினேன். அந்தச் சண்டை நடந்த அன்று அவர் படியிலேயே வைத்துவிட்டுப் போன சாவி அது.

"எனக்குக் கோவமெல்லாம் இல்ல டீச்சர்" என்றார். "ஆனா சாவி வேணாம்."

இப்போது தண்ணீர் குறைந்தால் தானே ஊற்றிக்கொள்கிற ஒரு சின்ன மோட்டாரைத் தொட்டியில் மாட்டியிருக்கிறேன். அது என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, தப்பும் செய்வதில்லை. கோமாளி மீன் நன்றாக இருக்கிறது. குழம்பு இன்றும் கடைசிப் படியில்தான் வந்து இருக்கிறது.