அண்டர்கிரவுண்ட் போன ஜெனிபர்

விடுதி வார்டன் வேலையில் பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம். பெற்றோரைச் சமாளிக்கத்தான் தனித் தெம்பு வேண்டும். என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும்.

ஆறு எங்கே?

பேத்தமங்கலம் தாண்டி, பாலாற்றங்கரையில் எங்கள் உறைவிடப் பள்ளி. பாதிப் பாடம் வகுப்பில், மீதி ஆற்றில். ஏழாம் வகுப்பு ஜெனிபரைச் சேர்க்க அவள் அப்பா ஆனந்த் வந்தார். தங்க வயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். கேட்டில் நின்று, கண்ணுக்கெட்டிய வரை கிடந்த மணலைப் பார்த்தார்.

“ஆத்தோரம் ஸ்கூலுன்னாங்களே மேடம், ஆறு இன்னா லீவுல போயிருக்குதா?”

பாதியில் நின்ற போன்

சனிக்கிழமை மாலை பிள்ளைகள் என் போனில் வீட்டுக்குப் பேசுவார்கள். மறுநாள் ஞாயிறு, ஆற்றில் நிலத்தடி நீர் பற்றிய பாடம். “அப்பா, நாளைக்கு நாங்கல்லாம் அண்டர்கிரவுண்ட் பாக்கப் போறோம்!” என்று ஜெனிபர் கத்தினாள். அத்தோடு என் போனில் சார்ஜ் தீர்ந்தது.

தங்க வயலில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்: சுரங்கம். ஆனந்தின் அப்பா ஒருநாள் ஷிப்டுக்கு இறங்கியவர், திரும்பி வரவில்லை. இது எனக்குத் தெரிந்ததே மறுநாள் காலை, ஆனந்த் பைக்கில் வந்து இறங்கிய பிறகுதான். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார்.

“பொட்டிய எடுத்துனு வா ஜெனி. அண்டர்கிரவுண்ட் போறதெல்லாம் எங்கப்பாவோட முடிஞ்சிபோச்சி.”

மணலுக்கு அடியில்

“ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுக் கூட்டிப் போங்கள்” என்று மட்டும் கெஞ்சினேன். பெட்டியும் கையுமாக ஆற்றுக்கு வந்தார். ஜெனிபரும் தோழிகளும் மணலில் முட்டியளவு பள்ளம் தோண்டினார்கள். அடி மணல் கறுத்தது. ஓரிடத்தில் மணல் துகள்கள் மெல்லத் துள்ளின. பிறகு தண்ணீர், சத்தமே இல்லாமல், ஊறி ஊறி மேலே வந்தது.

ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. மாதக்கணக்கில் மழையில்லை, வெயில் கொளுத்துகிறது, நம் காலடியில் ஆறு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது! ஜெனிபர் ஸ்கேலை விட்டு ஆழம் பார்த்தாள். ஆனந்த் பெட்டியைக் கீழே வைத்தார், மண்டியிட்டுக் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டார். வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

“இதுவரிக்கும் அண்டர்கிரவுண்டுலேர்ந்து எங்க வூட்டுக்கு ஒரு நல்ல சேதி வந்ததே இல்ல மேடம். பொட்டி இங்கியே இருக்கட்டும்.”

அன்றிலிருந்து போனைக் கொடுக்கும்முன் நான் பார்ப்பது இரண்டே விஷயம்: பிள்ளைக்கு ‘நிலத்தடி நீர்’ என்று முழுசாகச் சொல்ல வருகிறதா, என் போனில் சார்ஜ் இருக்கிறதா.